மூன்றிலிருந்து பத்து வரை

சபாநாதனைத் தியாகலிங்கம் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புதன்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில். மார்பு வரை இழுத்துவிட்டிருந்த சாப்பாட்டுத் தட்டில் சிவப்பு ஜெலியைக் கரண்டியால் குத்திக் குத்தி உடைத்துக்கொண்டிருந்தான். உடைத்தானே தவிர ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே கார்கள் நிற்கும் இடம் தெரிந்தது, அதில் ஒருவன் காரின் முகத்திலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான், அந்தச் சுரண்டல் சத்தம் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் கேட்கவில்லை, ஆனாலும் தியாகலிங்கத்துக்குப் பல் கூசியது. அந்த நேரம்தான் சபாநாதன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "சரி மச்சான். பென்சன்காரரே முதலாவது. எழுது." ஆறு வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் வாயிலிருந்து வராதா என்று காத்திருந்த வார்த்தை. வந்ததும் தியாகலிங்கம் எழுந்து, கோட்டைப் போட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டார். சனிக்கிழமை காலையில் சபாநாதன் போய்விட்டான்.

எழுதி முடியாத அந்தப் பட்டியல் இப்போது கோட்டின் உள்பையில் இருந்தது. மார்க்கம் வீதி பஸ்ஸில், பின்கதவுக்கு அடுத்த இருக்கையில், ஈரக் கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், கடதாசி இருக்கிறதா என்று. எதிரே பையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்க இருந்த பெண் இரண்டு தரம் அவரைப் பார்த்துவிட்டாள், நெஞ்சுநோவு என்று நினைத்திருப்பாள். நெஞ்சுநோவு இல்லை. இருந்தாலும் இருக்கலாம், எழுபத்து நாலு வயதில் எது எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும், சபாநாதனுக்கும் எழுபத்து நாலுதான், அவனுக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே ஈரலில் வந்தது. வைதேகி காலை எட்டு மணிக்கே கூப்பிட்டிருந்தாள். சபாநாதனின் ஒரே பிள்ளை. முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் தயாராகிவிட்டது, தேவாரம், வம்சாவளி, பேரப்பிள்ளைகள் எழுதியது, நன்றி நவிலல் எல்லாம் போட்டாயிற்று, பதினாலாம் பக்கம் மட்டும் வெறுமையாய்க் கிடக்கிறது, அது உங்களுக்கு என்றாள். அப்பாவும் நீங்களும் எழுதிய அந்த ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரர் பத்துப் பேர் பட்டியல் இல்லாமல் அப்பாவைப் பற்றி ஒரு புத்தகம் வந்தால் வாங்குகிற சனம் சிரிக்கும் என்றாள். அச்சகத்தில் மூன்று மணிக்கு முடித்து அனுப்புகிறார்கள், அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் மாற்ற ஏலாது. பட்டியல் முடிந்ததுதானே மாமா என்று கேட்டாள். ஓம் என்று சொன்னார். ஏன் ஓம் என்று சொன்னார்? பத்து வரியில் எட்டு வரிதான் முடிந்தது. முதலாவதும் இரண்டாவதும் வெறும் இலக்கங்கள். இரண்டு பெயர்கள், இரண்டு இடங்கள், எது மேலே எது கீழே என்பதுதான் பாக்கி, ஒரு நிமிட வேலை, ஆறு வருடமாக ஆகாத ஒரு நிமிட வேலை. பஸ்ஸுக்குள் மணி ஒன்று ஐம்பது.

விதி என்ன? இரண்டு பேரும் கையெழுத்து வைக்காத வரி வரியே இல்லை. அது சபாநாதனின் விதி. இல்லை, அவருடைய விதி, இரண்டு பேரும் சேர்ந்து போட்டது, ஒரு பெரிய அவமானத்துக்குப் பிறகு. ஐஸ் ஹொக்கி ஆடுகிற அரீனாவில் சபாநாதன் ஐஸ் மெழுகுகிற மெஷின் ஓட்டினான், தியாகலிங்கம் ஸ்கேற்றுச் சப்பாத்துகளின் அலகுக்குச் சாணை பிடித்தார், இருபத்தெட்டு வருடம். மெழுகுகிறது என்ற சொல்லைச் சபாநாதன்தான் கொண்டுவந்தான், வீட்டு நிலத்தைச் சாணியால் மெழுகுகிற மாதிரி அந்த மெஷின் தண்ணீரைத் தடவிக்கொண்டு வட்டம் வட்டமாகப் போகும், அவன் மேலே இருந்துகொண்டு பார்க்கிறவர்களுக்கெல்லாம் கையசைப்பான், ஊரில் தேரில் இருக்கிறவன் மாதிரி. அப்போது இங்கிலிஷ் இரண்டு பேருக்கும் அரைகுறை. ரிவியில் பெரிய லீக் ஆட்டத்தில் அறிவிப்பாளன் கத்துகிற பெயர்கள், ரஷ்யப் பெயர், செக் பெயர், பின்லாந்துப் பெயர், நாக்கில் நிற்காமல் வழுக்கிப் போகும், ஆகவே தாங்களே பெயர் வைத்தார்கள். கோல் காக்கிறவன் ஒற்றைக் காலை மடித்து நிற்பான், அவன் கொக்கு. ஆட்டம் தொடங்குமுன் சிலுவை போடுகிறவன் பாதிரி. பேட்டியில் ஒரு சொல்லும் சொல்லாதவன் ஊமை. ஒருவனுக்குத் தாடி, அவன் தாடிக்காரன். ஒருவன் மொழுமொழுவென்று சிரைத்த முகம், அவன் மொழுக்கன். தாடிக்காரன் நாலாவது, மொழுக்கன் ஏழாவது என்று அந்த வருடத்தின் திறமான பத்துப் பேர் பட்டியலில் போட்டு, இல்லை மொழுக்கன்தான் திறம் என்று தியாகலிங்கமும், தாடிக்காரன் காலில் நிற்க மொழுக்கனுக்குத் தகுதியில்லை என்று சபாநாதனும் மூன்று கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தியாகலிங்கத்தின் மனைவி யோகமலர் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், ரிவியைப் பார்க்கக்கூட இல்லை என்றுதான் நினைத்தார்கள். "உந்த ரெண்டு பேரும் ஒரு ஆள்தானே" என்றாள். கட்டையைத் தாண்டி ஐஸுக்குக் குதிக்க முன்னம் இடக்கையை இரண்டு தரம் உதறுகிறான், போன வருடம் தாடியோடும் அப்படித்தான் உதறினான், ஆளை வேறு ரீமுக்கு விற்றிருப்பார்கள், சிரைத்திருப்பான், நம்பர் மாறியிருக்கும். போய் விசாரித்தால் உண்மை. சபாநாதன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, நாலையும் ஏழையும் கூட்டிப் பாதியாக்கினால் அஞ்சரை வருகிறது, அஞ்சரை என்று ஒரு இடம் இல்லை, அவனை ஆறாவதில் போடு என்றான். யோகமலர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்த கையோடு சேலையில் நீராவி. அந்த நீராவி மணம். அது இஸ்திரியா அல்லது இந்தப் பஸ்ஸில் காலுக்குக் கீழே ஊதுகிற சூடு ஈரக் கம்பளியில் பட்டு வருகிற மணமா, அவர் கொஞ்ச நேரம் இரண்டையும் பிரிக்க முடியாமல் இருந்தார்.

எந்த நிறுத்தம்? கண்ணாடியில் ஆவி. துடைத்துப் பார்த்தார், இன்னும் இருக்கிறது. இன்று புதன். சபாநாதன் இல்லாத நாலாவது புதன், முதல் மூன்று புதனும் என்ன செய்தார் என்று நினைவில்லை, ஒரு புதன் டோனட் கடை வாசல் வரை போய்த் திரும்பினார், அது மட்டும் ஞாபகம். இரண்டு பேரும் ஒன்றாக வேலையிலிருந்து நின்ற வருடம் சபாநாதன் சொன்னான், வருடப் பட்டியல் போதும் மச்சான், இனி முழுப்பட்டியல், நாங்கள் கண்ணால் கண்ட எல்லாருக்குள்ளும் பத்துப் பேர், சாகிறதுக்குள் முடிக்க வேண்டும். சாகிறதுக்குள் என்று அவன் சொன்னது பகிடி. கொக்கை எங்கே வைப்பது என்பதற்கே பதினொரு மாதம். நிற்கிறவனை ஓடுகிறவர்களோடு ஒரே வரிசையில் வைக்க முடியுமா என்று சபாநாதன் கேட்டான், வாசலில் நிற்கிற காவல்காரனைக் கல்யாணப் பந்தியில் இருத்துகிற மாதிரி இருக்கிறது என்றான். அறுபது நிமிடமும் பயப்படுகிறவன் அவன் ஒருவன்தான், பயத்துக்கு மதிப்பில்லையா என்று தியாகலிங்கம் கேட்டார். கடைசியில் மூன்றாவது. கோல் அடித்தவன் பெரிதா, அடிக்கக் கொடுத்தவன் பெரிதா என்று ஒரு கோடை முழுக்க. கோப்பை வென்றதை எண்ணுவதா, ஒருவனுக்கு நல்ல ரீம் வாய்த்தது அவன் கெட்டித்தனமா என்று ஒரு மழைகாலம். அப்போதைய கோல் காக்கிற கோலிகளின் கால்பட்டை சின்னது, அந்தக் காலத்துக் கோலை இந்தக் காலத்துக் கோலோடு எப்படி எண்ணுவது. எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் தி.லி., ச.நா. என்று இரண்டு சின்னக் கையெழுத்துகள், சபாநாதனின் நா எப்போதும் வால் நீண்டு அடுத்த வரியில் இறங்கும். முடியாதது மேலே இரண்டு.

பென்சன்காரர் இருபத்திரண்டு வருடம் ஆடினார். அவரை மட்டும்தான் இருவரும் மரியாதையோடு அர் போட்டுச் சொன்னார்கள். விரல் உடைந்தால் கட்டிக்கொண்டு வருவார், தாடை வீங்கினால் வலைபோட்ட தொப்பியோடு வருவார், வேலைக்கு வருகிற மனிசன் மாதிரி வருவார். சாணைக்காரன் கண்ணுக்கு அவர் காலில் இரண்டு விளிம்பும் சமம், உள்விளிம்பும் வெளிவிளிம்பும், அலகின் குறுக்கே காசு ஒன்றை வைத்துப் பார்த்தால் அசையாது, அப்படி ஓடுவார். தியாகலிங்கம் இருபத்தெட்டு வருடம் எத்தனையோ ஆயிரம் அலகை நகத்தில் இழுத்துப் பார்த்திருக்கிறார், நகத்தூள் உதிர்ந்தால் கூர் சரி, ஆகவே தன் கண்ணை நம்பினார். மற்றவன், சபாநாதனின் ஆள், பனங்கொட்டை. ஆறரை வருடம், அவ்வளவுதான், பிறகு முழங்கால் போய்விட்டது. ஆனால் அந்த ஆறரை வருடம். அவன் வெளிவிளிம்பு ஒன்றிலேயே சாய்ந்து வளைவான், தரைக்கு ஒரு முழத்தில் உடம்பு, விழப் போகிறான் விழப் போகிறான் என்று பார்க்கிறவன் கதிரையை விட்டு எழும்புவான், பக் என்கிற அந்தக் கறுப்பு வட்டு எங்கேயென்று தெரியாமல் கோலி முழங்காலில் நிற்பான், இவன் மற்றப்பக்கத்தால் போய்விடுவான். முதல் நாள் தலைக்கவசத்தைக் கழற்றியபோது மயிர் நாலு பக்கமும் நின்றது, சூப்பின பனங்கொட்டை மாதிரி என்று யோகமலர் சொன்னாள், அந்தப் பெயர் அவள் வைத்தது. அவர் அதை நினைக்க விரும்பவில்லை. பட்டியலைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும், மணி இரண்டு ஐந்து. நீ வருடத்தை எண்ணுகிறாய், நான் ஆளை எண்ணுகிறேன் என்பான் சபாநாதன். இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ, டோனட் கடையில், தியாகலிங்கம் மேசையில் தட்டிச் சொன்னார், "நிண்டவனுக்குத்தான் மதிப்பு. போனவன் போனவன்தான்." சபாநாதன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்த்தான். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் தான் என்ன சொன்னார் என்பது தியாகலிங்கத்துக்குப் பிடிபட்டது, ஒரு சப்பாத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யோகமலரோடு அவர் வாழ்ந்தது ஒன்பது வருடம். கம்பளித் தொப்பிக்குள் மயிரில்லாத தலையோடு சோபாவில் சாய்ந்துகொண்டு, பனங்கொட்டை இண்டைக்கு விளையாடுறானோ என்று கேட்பாள், விளையாடுகிறான் என்றால் தலையணையை நிமிர்த்தச் சொல்வாள். முழங்கால் போனதும் அவள் போனதும் ஒரே மாரியில் என்றுதான் அவருடைய மனம் வைத்திருக்கிறது, அது பிழை, அவள் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் அவனுடைய முழங்கால் போனது, அவருக்கு நன்றாகத் தெரியும், வருடம் எண்ணுகிற ஆள் அவர், ஆனால் நினைக்கும்போதெல்லாம் இரண்டும் ஒன்றாகத்தான் வரும், ஐஸில் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான், சோபாவிலிருந்து அவள் எழும்பப் பார்க்கிறாள். சபாநாதன் தன் மனைவியோடு நாற்பது வருடம் இருந்தவன். நாற்பது வருடக்காரன் ஆறரை வருடக்காரனுக்காக ஏன் அப்படிச் சண்டை பிடித்தான்? அவளுக்காகவா? எனக்காகவா? கேட்டிருந்தால் விசரே உனக்கு என்று சொல்லியிருப்பான், விளிம்பைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கதைத்திருப்பான். கேட்கவில்லை. அப்படி அவளுக்காகத்தான் என்றால் அன்றைக்கு ஜெலியைக் குத்திக்கொண்டு அவன் விட்டுக்கொடுத்தது யாரை?

பஸ் நின்றது. முன்னால் உப்பு வண்டி ஒன்று மெதுவாக உப்பைச் சிந்திக்கொண்டு போனது, அதன் பின்னால் எல்லாரும். இரண்டு இருபது. இறங்கி நடந்தால் பதினைந்து நிமிடம், வழுக்கினால் அதுவும் இல்லை. எழுதிவிட வேண்டும், இங்கேயே, மடியில் வைத்து. பென்சன்காரர் முதலாவது, சபாநாதனே சொல்லிவிட்டான், அவனுடைய கடைசிச் சொல், அதை மதிக்க வேண்டாமா, வைதேகிக்குச் சொன்னால் அவளும் ஓம் என்பாள். சட்டைப் பையில் கை போனது, பேனையில் பட்டது, எடுக்கவில்லை. வெறுஞ்சொல் வரி ஆகாது, கையெழுத்து இல்லை. கையெழுத்து ஏன் இல்லை? களைத்துப்போனான். களைத்தவன் சொன்னதை எப்படி எண்ணுவது, தோற்ற ரீம் கடைசி நிமிடத்தில் விட்டுக்கொடுக்கும் கோலை யாராவது எண்ணுவார்களா, எண்ணுவார்கள், எண்ணத்தான் செய்வார்கள். அவனுக்குக் கையெழுத்து வைக்கப் பெலன் இல்லை. பொய். ஜெலியை உடைக்கப் பெலன் இருந்தது. கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு அவன் கையை நீட்டினான், அதுதான் நடந்தது, உள்ளங்கை மேலே, ஊசி குத்தியிருந்த கை, பிளாஸ்ரர் ஓரம் கறுத்திருந்தது. "பேனையைத் தா" என்றான். தியாகலிங்கம், பேனை கொண்டுவரவில்லை என்று சொன்னார். சட்டைப் பையில் இருந்தது. இதே பேனை. நாலு கிழமையாக இந்த இடத்துக்கு வந்து வந்து திரும்பிய மனம் இப்போது திரும்ப இடமில்லாமல் நின்றது, பின்னால் கார்கள், முன்னால் உப்பு வண்டி. பேனை கொடுத்தால் அவன் கையெழுத்து வைப்பான், கையெழுத்து வைத்தால் பட்டியல் முடியும், முடிந்தால் அடுத்த புதன் எதற்கு. அதுதான் உண்மையா? அல்லது வென்றது பிடிக்கவில்லையா? எப்போதும் எதிர்த்து நிற்கிறவன் ஓம் என்று சொன்னால் அவன் போகத் தயாராகிவிட்டான் என்று பயந்தாரா? மூன்றும் இருக்கலாம். செத்துக்கொண்டிருக்கிறவன் நீட்டிய கையில் ஒன்றும் வைக்காமல் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்த மனிசன் அவர், வேறு எப்படியும் எழுத முடியாது. சரி, அப்படியானால் அவனுடைய ஆள். பனங்கொட்டை முதலாவது. நான் விட்டுக்கொடுக்கிறேன் சபாநாதன். நினைத்தவுடன் மனம் லேசாகும் என்று பார்த்தார், ஆகவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அவன் பென்சன்காரருக்கு ஓம் என்றான், இவர் பனங்கொட்டைக்கு ஓம் என்கிறார், சண்டை அப்படியே கிடக்கிறது, ஆட்கள் மட்டும் இடம் மாறி நிற்கிறார்கள். வெங்காயத்தாள்காரி மூன்றாம் தரம் பார்த்தாள்.

அச்சகத்துக்குள் போனபோது இரண்டு ஐம்பது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, குரலை வைத்து வைதேகி எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தது, கணினிக்குப் பக்கத்தில், எழுத்துக்கோர்க்கிற பெண்ணோடு. வேர்த்திருக்கிறியள் மாமா, இருங்கோ என்றாள். கடதாசியை வாங்கி விரித்தாள். கீழிருந்து மேலே வாசித்தாள், தாடிக்காரன் வந்த இடத்தில் வாய்க்குள் சிரித்தாள், அஞ்சரைக் கதை அவளுக்கும் தெரியும். மேலே வந்ததும் நின்றாள்.

"மாமா, ஒண்டும் ரெண்டும் எங்கை?"

"அது முடியேல்லை, பிள்ளை."

முடிந்தது என்று காலையில் சொன்னீர்களே என்று அவள் கேட்கவில்லை. கடதாசியை மேசையில் வைத்து உள்ளங்கையால் மடிப்பைத் தேய்த்தாள். தியாகலிங்கம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார், இவளிடம், இப்போது, பேனையைப் பற்றி. உன் அப்பா கேட்டவர், நான் கொடுக்கவில்லை. வாயைத் திறந்தபோது அவள்தான் கதைத்தாள்.

"நீங்கள் அண்டைக்கு வந்திட்டுப் போனாப் பிறகு நான் போனனான். அப்பா சிரிச்சுக்கொண்டிருக்கிறார். உன்ரை மாமா பேனையைச் சட்டைப் பையிலை குத்தி வைச்சுக்கொண்டு, பேனை இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் போறார் எண்டு. இருமல் வருமட்டும் சிரிச்சவர், மாமா."

தியாகலிங்கம் சட்டைப் பையைப் பார்த்தார். திறந்திருந்த கோட்டுக்குள்ளால் பேனையின் மூடி தெரிந்தது.

"வேறை என்ன சொன்னவன்?"

"வாற புதன் கொண்டு வருவான், பாப்பம் எண்டார்."

எழுத்துக்கோர்க்கிற பெண் மணிக்கூட்டைக் காட்டினாள். எட்டுப் பேர்தான் என்றால் ஒன்றிலிருந்து இலக்கம் போட்டுவிடட்டா, பார்க்க வடிவாயிருக்கும் என்று கேட்டாள். வைதேகி அவரைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றார் தியாகலிங்கம். "மூண்டிலையிருந்து போடுங்கோ."

பதினாலாம் பக்கத்தில் எட்டு வரிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டு கையெழுத்துகள்.